சென்சார் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், ஒயரைப் பிடுங்குவதற்கு முன்

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாட்டி வீட்டுப் பின்புறம் மழைக்கூரை போட்டு 80 பைகளில் மிளகாய் வைத்திருக்கிறாய். புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு, காற்றின் ஈரப்பதம் பார்க்க டிஎச்டி22, வெளிச்சத்துக்கு பிஎச்1750, பைக்குள் செருகிய இரண்டு மண் ஈர சென்சார், ஐ2சி (இரண்டே ஒயரில் சிப்கள் பேசிக்கொள்ளும் முறை) வழியாகப் பேசும் ஒரு எல்சிடி திரை, ரிலே (போர்டு சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்ச்) வழியாக ஓடும் 12 வோல்ட் பம்பு. எல்லாம் ஒரே 12 வோல்ட் அடாப்டரில். இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு திரையில் எண்கள் அப்படியே உறைந்துவிடுகின்றன, அல்லது ஈரப்பதம் இருக்கும் இடத்தில் என்ஏஎன் (எண்ணே இல்லை என்பதன் குறி) என்று வருகிறது. ரீசெட் பட்டனை அழுத்தினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆவதில்லை. ஆனால் கரண்டைப் பிடுங்கி மறுபடி மாட்டினால் எப்போதும் சரியாகிவிடுகிறது. இதற்குள் இரண்டு டிஎச்டி22, ஒரு பிஎச்1750 மாற்றியாகிவிட்டது.

முதலில் ஒன்று. கழற்றி வைத்த அந்த மூன்று சென்சாரையும் குப்பையில் போட்டுவிடாதே. அவை சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். கரண்டைப் பிடுங்கி மாட்டினால் பிழைத்துக்கொள்கிற சென்சார் செத்த சென்சார் இல்லை. எங்கேயோ சிக்கிக்கொண்ட சென்சார். செத்ததற்கும் சிக்கியதற்கும் வைத்தியம் வேறு வேறு.

செம்பனை எண்ணெய் ஆலையில் உன் அப்பாவோடு கருவிப் பிரிவில் வேலை செய்தவன் நான். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலத்தின் வெப்பநிலை திடீர் திடீரென்று தவறாகக் காட்டியது. நான் உடனே சென்சாரைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். சரியானது. நான்கு நாளில் மறுபடி அதே கோளாறு, மறுபடி புதிய சென்சார். மூன்றாவது முறை கழற்றப் போனபோது மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “கோளாறு இப்போது கண்முன்னே இருக்கிறது. நீ கழற்றினால் அது ஓடிப்போகும். முதலில் அள” என்றார். அளந்து பார்த்தால் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. ஒயர் சேரும் டெர்மினல் பெட்டிக்குள் ஆவி நுழைந்து தண்ணீர் கோத்திருந்தது. நான் சென்சாரை மாற்றும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து மூடினேன். ஈரம் கொஞ்சம் உலர்ந்தது. அதனால் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உன் தோட்டத்திலும் இதுதான் நடக்கிறது. சென்சார் நின்றதும் நீ முதலில் செய்வது கரண்டைப் பிடுங்குவது. அந்த நொடியே தடயமெல்லாம் அழிந்துவிடுகிறது. அடுத்த முறை நிற்கும்போது எதையும் தொடாதே. மல்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போ. 20, 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் மீட்டர் போதும்.

சரி, நீ ஏற்கெனவே கொடுத்திருக்கிற தடயம் ஒன்று பெரியது. ரீசெட்டுக்குச் சில நேரம் மசிவதில்லை, கரண்டை நிறுத்தினால் மசிகிறது என்கிறாய். ரீசெட் பட்டன் போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலரை மட்டும்தான் முதலிலிருந்து ஓட வைக்கும். சென்சாருக்குப் போகிற 5 வோல்ட் அப்போது அறுபடாது. சென்சாருக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் தொடரும். ஆக, ரீசெட்டால் சரியானால் உன் புரோகிராமோ போர்டோ சிக்கியிருந்தது என்று பொருள். ரீசெட்டால் ஆகாமல் கரண்டை நிறுத்தினால் மட்டும் சரியானால் சிக்கியது சென்சார் பக்கம், அல்லது சென்சாரும் போர்டும் பேசிக்கொள்கிற ஒயரில். உனக்கு இரண்டும் நடக்கிறது. அதனால் உன்னிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, குறைந்தது இரண்டு.

ரீசெட் அழுத்தியும் திரையில் பழைய எண்களே இருந்தன, பட்டனே கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தாய். பட்டன் கெடவில்லை. எல்சிடி திரை, கரண்டு இருக்கும்வரை தனக்குக் கடைசியாகச் சொன்னதைக் காட்டிக்கொண்டே இருக்கும். போர்டு ரீசெட் ஆகி, புரோகிராம் ஆரம்பித்து, திரையை எழுப்ப முதல் செய்தி அனுப்பப் போகும். அந்த ஐ2சி பாதையே அடைபட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். திரைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அது பழையதையே காட்டும். திரையைப் பார்த்து போர்டின் உயிரைத் தீர்மானிக்க முடியாது.

அதற்கு வேறு வழி வேண்டும். 13ஆம் பின்னில் போர்டோடு வரும் சின்ன விளக்கை, லூப் (புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒரு சுற்று முடியும்போதெல்லாம் ஒருமுறை மாறி எரியும்படி இரண்டு வரி எழுதிவிடு. விளக்கு துடித்துக்கொண்டிருந்தால் புரோகிராம் உயிரோடு இருக்கிறது, சென்சார்தான் பேசவில்லை. விளக்கும் நின்றுபோயிருந்தால் புரோகிராம் எங்கேயோ காத்துக்கிடக்கிறது.

லேப்டாப்பை மாட்டி சீரியல் மானிட்டரில் பார்க்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஊனோவில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும். புரோகிராம் ஏற்றுவதற்கு வசதியாக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நீ தடயத்தைப் பார்க்கப் போய் தடயத்தையே துடைத்துவிடுவாய். ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, நீண்ட கால் ரீசெட் பக்கம் வருமாறு செருகினால் இந்தத் தானியங்கி ரீசெட் நடக்காது. புதிய புரோகிராம் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

இப்போது அளக்க வேண்டியவை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை கிரவுண்டில் வை. முதலில் சிவப்பு முனையை சென்சாரின் காலடியில் உள்ள விசிசி (கரண்டு நுழையும்) பின்னில் வை. போர்டில் அளக்காதே, சென்சாரில் அள. போர்டில் 5 வோல்ட் இருந்தும் ஒயரின் அந்தக் கோடியில் 4 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பற்றவைக்காமல் ஒயர் செருகும் பலகையான பிரெட்போர்டின் தளர்ந்த ஓட்டை ஒன்று போதும். பம்பு ஓடாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை அள. பம்பு தொடங்கும் நொடியில் எண் சட்டென்று விழுந்து எழுந்தால் அதைக் குறித்துக்கொள். மீட்டர் மெதுவாகத்தான் காட்டும். மீட்டரில் அரை வோல்ட் விழுந்தால் உண்மையில் அதைவிட ஆழமாக விழுந்திருக்கும்.

அடுத்து ஐ2சி ஒயர் இரண்டு: எஸ்டிஏ, எஸ்சிஎல். ஊனோவில் ஏ4, ஏ5. யாரும் பேசாமல் இருக்கும்போது இரண்டும் மேலே இருக்க வேண்டும், உன் மாட்யூல்களைப் பொறுத்து 3.3இலிருந்து 5 வோல்ட்டுக்குள். பேச்சு நடக்கும்போது எண் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. விளக்கு துடிப்பு நின்ற நிலையில், எஸ்சிஎல் மேலே இருந்து எஸ்டிஏ மட்டும் சுழிக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தால், உன் கோளாறைப் பிடித்துவிட்டாய். யாரோ ஒரு சென்சார் அந்த ஒயரைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஐ2சியில் தாளம் போடுவது போர்டு. எஸ்சிஎல் ஒயரில் அது ஒரு தட்டு தட்டினால் சென்சார் எஸ்டிஏ ஒயரில் ஒரு பிட் கொடுக்கும். 1 என்றால் ஒயரை மேலே விடும், 0 என்றால் கீழே இழுத்துப் பிடிக்கும். அடுத்த தட்டு வரும்வரை அப்படியே பிடித்திருக்கும். சென்சார் ஒரு 0 கொடுத்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் போர்டு ரீசெட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். சென்சார் அடுத்த தட்டுக்காகக் காத்திருக்கிறது. போர்டு எழுந்து பார்க்கிறது, எஸ்டிஏ கீழே கிடக்கிறது, சரி யாரோ பேசுகிறார்கள், முடியட்டும் என்று அதுவும் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் நிற்கும். இங்கே சென்சாரும் நல்லது, போர்டும் நல்லது. இரண்டில் எதை மாற்றினாலும் கோளாறு மூன்று நாளில் திரும்பி வரும். நீ ரீசெட் பட்டனை அழுத்துவதே கூட சில நேரம் இந்த முடிச்சைப் போட்டுவிடும்.

முடிச்சை அவிழ்ப்பது எளிது. புரோகிராம் தொடங்கும் இடத்தில், வயர் நூலகத்தை (ஐ2சி பேச்சைக் கவனிக்கும் ஆயத்த நிரல்) தொடங்குவதற்கு முன், ஏ4 கீழே இருக்கிறதா என்று பார். இருந்தால் ஏ5ஐ நீயே ஒன்பது முறை கீழே இழுத்து விடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து மைக்ரோ நொடி இடைவெளி. எட்டு பிட், ஒரு ஒப்புதல் பிட், ஆக ஒன்பது. சென்சார் பாதியில் விட்ட பைட்டைக் கொடுத்து முடித்துவிட்டு ஒயரை விட்டுவிடும். பிறகு எஸ்சிஎல் மேலே இருக்கும்போது எஸ்டிஏவைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் ஒரு நிறுத்தக் குறி கொடு. அப்புறம் வழக்கம்போல வயர் நூலகத்தைத் தொடங்கலாம். கீழே இழுக்கும்போது மட்டும் பின்னை அவுட்புட்டாக வை. விடும்போது இன்புட்டாக மாற்றிவிடு. மேலே தள்ளாதே, ஒயரை மேலே இழுத்து வைத்திருக்கும் இழுப்பு ரெசிஸ்டர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள். ஊனோவுக்கான வயர் நூலகம் முன்பெல்லாம் இப்படி அடைபட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். 2020இல் வந்த 1.8.3 பதிப்பு ஏவிஆர் தொகுப்பிலிருந்து (ஊனோ வகை போர்டுகளுக்கான மென்பொருள் தொகுப்பு) செட்வயர்டைம்அவுட் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது தானாக வேலை செய்யாது, நாம் கேட்டால்தான். 25000 மைக்ரோ நொடி என்று வைத்து, அடைபட்டால் நூலகம் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளட்டும் என்று இரண்டாவது மதிப்பையும் கொடுத்துவிடு. அதன்பின் ஒரு சென்சார் சிக்கினால் முழு போர்டும் சேர்ந்து உறையாது. முடிச்சு விழுந்தது என்று நூலகம் காட்டும் அடையாளக் கொடி (ஃப்ளாக்) வழியாகத் தெரிந்துகொண்டு ஒன்பது தட்டு வேலையை நடுவிலேயே செய்யலாம்.

எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டும் மேலேதான் இருந்தன, விளக்கும் துடிக்கிறது, ஆனால் ஈரப்பதம் மட்டும் என்ஏஎன் என்றால் அது டிஎச்டி22 கதை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்த முடிச்சைப் போடுகிற ஆளைப் பிடித்தாக வேண்டும்.

எனக்குச் சந்தேகம் உன் பம்பின் மேல்தான். மோட்டாருக்குள் இருப்பது கம்பிச் சுருள். ஓடுகிற சுருளின் கரண்டைச் சட்டென்று அறுத்தால் அது எதிர்ப்பக்கமாக ஓர் உயர் வோல்ட் உதை கொடுக்கும். ரிலேயின் உள்ளே அந்த இடத்தில் சின்னப் பொறி பறக்கும். அந்த உதை பக்கத்து ஒயர்களில் எல்லாம் ஏறும். எஸ்சிஎல் ஒயரில் ஏறினால் சென்சார் அதை ஒரு தட்டு என்று நினைத்துக்கொள்ளும். ரிலே மாட்யூலில் ஏற்கெனவே டயோடு இருக்கிறதே என்று கேட்பாய். அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கு. உன் பம்பின் சுருளுக்கு இல்லை. பம்பின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று பற்றவைத்துவிடு, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ் முனையில். மாற்றி வைத்தால் ஷார்ட் ஆகும், கவனம். அதோடு 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒன்றும் அதே முனைகளில். இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளிகூட ஆகாது.

அடுத்து அந்த அடாப்டர். 12 வோல்ட்டை ஊனோவின் வட்டத் துளையில் கொடுக்கிறாய். போர்டில் உள்ள ரெகுலேட்டர் 12ஐ 5ஆகக் குறைக்க மீதி 7 வோல்ட்டையும் சூடாக்கித்தான் தள்ளும். ரிலே, திரை விளக்கு, போர்டு எல்லாம் சேர்ந்து 150 மில்லியாம்பியர் இழுத்தால் ஒரு வாட்டுக்கு மேல் சூடு, ஒரு நகத்தளவு சிப்பில், மூடிய பெட்டிக்குள், தகரக் கூரைக்குக் கீழே, மதியம் இரண்டு மணிக்கு. விரல் வைத்துப் பார், வைக்க முடியாது. சூடு எல்லை மீறினால் அது தன்னைக் காப்பாற்ற வோல்ட்டை விட்டுவிடும். எல்எம்2596 ஸ்டெப் டவுன் மாட்யூல் ஒன்று வாங்கி, முதலில் மீட்டர் வைத்து வெளிவருவதைச் சரியாக 5 வோல்ட்டுக்குத் திருகி, பிறகு ஊனோவின் 5வி பின்னில் கொடு. அளக்காமல் மாட்டிவிடாதே; அந்தப் பின்னுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அப்படிக் கொடுத்திருக்கும்போது யுஎஸ்பியையும் சேர்த்து மாட்டாதே. முடிந்தால் பம்புக்குத் தனி அடாப்டர் வை. இரண்டின் கிரவுண்டும் ஒரே ஓர் இடத்தில் சேரட்டும். பம்பு ஒயரையும் சென்சார் ஒயரையும் ஒன்றாகக் கட்டி ஒரே குழாயில் இழுத்திருந்தால் இன்றே பிரித்துவிடு.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பெட்டி பக்கத்தில் தொங்கவிடு. நின்ற நேரம், பம்பு அப்போதுதான் ஓடியதா, மழையா, இடியா, இவ்வளவு போதும். பாட்டியிடம் சொன்னால் அவரே குறித்து வைப்பார். பம்பு நின்ற சமயங்களோடு சேர்ந்து வந்தால் மின்சாரக் கோளாறு. மாலை மழைக்குப் பின் என்றால் ஈரம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே மணிக்கணக்கில் நின்றால் புரோகிராம். மூன்று நான்கு வரி சேர்ந்தாலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒயர் நீளத்துக்கு வருகிறேன். பிஎச்1750ஐ நாற்பதாவது பைக்கு மேலே மாட்டியிருக்கிறாய், ஆறு மீட்டர் ஒயர். ஐ2சி ஒரே போர்டில் இருக்கிற சிப்கள் பேசிக்கொள்வதற்காக உருவானது. அதன் ஒயரில் மொத்தம் 400 பிக்கோஃபாரட் வரைதான் தாங்கும் என்பது கணக்கு. லேன் கேபிள் மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் சுற்றி வரும், சாதாரண ஒயர் அதற்கும் மேல். ஆறு மீட்டரில் எல்லையைத் தொட்டுவிடுகிறாய். மேசையில் ஓடியது தோட்டத்தில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியை நடுவில் கொண்டுபோய் ஒயரை ஒரு மீட்டருக்குக் குறைப்பதுதான் நல்ல வழி. முடியவே முடியாது என்றால் லேன் கேபிள் போட்டு, எஸ்டிஏவை கிரவுண்டோடு ஒரு முறுக்கு ஜோடியிலும் எஸ்சிஎல்லை 5 வோல்ட்டோடு இன்னொரு ஜோடியிலும் அனுப்பு. எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே ஜோடியில் போடாதே, ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும். இதைவிடத் தூரம் போக வேண்டுமென்றால் ஐ2சியை விட்டுவிட்டு, நீண்ட ஒயருக்கென்றே உள்ள ஆர்எஸ்485 முறைக்கு மாறுவதே நல்லது. ஆலையில் நூற்றுக்கணக்கான மீட்டர் அதில்தான் இழுக்கிறோம்.

பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் மேசைக்கு மட்டும். தோட்டத்தில் வைக்கிறதென்றால் எல்லாவற்றையும் பற்றவை, அல்லது திருகு டெர்மினலில் போடு. சில மாட்யூல்களில் பின்களைப் பற்றவைக்காமல் தனியாகக் கொடுப்பார்கள். அதைச் சும்மா செருகி வைத்து வேலை செய்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உன்னுடையதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

இப்போது டிஎச்டி22. இதை இரண்டு நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கக் கூடாது. நான் ஐந்து நொடிக்கு ஒரு முறைதான் கேட்பேன், செடிக்கு அதுவே அதிகம். டேட்டா ஒயருக்கும் விசிசிக்கும் நடுவில் 4.7 முதல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். மூன்று கால் மாட்யூலில் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும், நான்கு கால் வெறும் சென்சாரில் இருக்காது. நீ இரண்டாவது முறை வாங்கியது நான்கு கால் என்று படத்தில் தெரிகிறது. ரெசிஸ்டர் எங்கும் தெரியவில்லை. மேசையில் குட்டை ஒயரில் அது இல்லாமலேயே ஓடும், ஊனோவின் உள்ளே இருக்கிற பலவீனமான இழுப்பு சமாளித்துவிடும். மூன்று மீட்டரில் சமாளிக்காது.

இந்தச் சென்சாருக்கு இன்னொரு குணம் உண்டு. ஒயரில் ஓர் உதை பட்டால் உள்ளே இருக்கிற சிப் சில நேரம் உறைந்துபோகும், கரண்டை அறுத்தால்தான் எழும். அது இழுப்பது இரண்டு மில்லியாம்பியர் சுற்றித்தான். அதனால் அதன் விசிசியை 5 வோல்ட்டில் கொடுக்காமல் ஒரு டிஜிட்டல் பின்னில் கொடுக்கலாம். ஊனோவின் ஒரு பின் 20 மில்லியாம்பியரைத் தாராளமாகக் கொடுக்கும். தொடர்ந்து மூன்று முறை என்ஏஎன் வந்தால் பின்னை ஐந்து நொடி அணைத்து மறுபடி எரியவிடு. நீ கையால் பிடுங்கி மாட்டுகிற வேலையைப் போர்டே செய்துவிடும். இழுப்பு ரெசிஸ்டரின் மேல்முனையும் அதே பின்னில் இருக்க வேண்டும். அணைக்கும்போது டேட்டா பின்னையும் கீழே வைத்துவிடு, இல்லாவிட்டால் டேட்டா ஒயர் வழியாகவே கொஞ்சம் கரண்டு ஏறி சென்சார் அரைத்தூக்கத்தில் கிடக்கும். இதே காரணத்தால் ஐ2சி சென்சாரை இப்படிச் செய்வது அவ்வளவு எளிதில்லை, அங்கே திரையின் இழுப்பு ரெசிஸ்டர் எஸ்டிஏ வழியாக அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், விடியற்காலையில் இலையெல்லாம் பனி சொட்டுகிற நம் ஊர்க் காற்றுக்கு டிஎச்டி22 ஏற்ற சென்சார் இல்லை. தொடர்ந்து ஈரம் பட்டால் எண் 99.9இல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அடுத்து வாங்கும்போது எஸ்எச்டி31 வாங்கு. ஈரத்தை உலர்த்த உள்ளேயே சின்ன ஹீட்டர் இருக்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனால் நீ மாற்றிய இரண்டு டிஎச்டி22இன் காசை அதில் போட்டிருக்கலாம்.

மண் ஈர சென்சார் வேறு மாதிரி ஏமாற்றும். அது அனலாக். ஒயர் அறுந்தாலும் என்ஏஎன் என்று சொல்லாது, ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். அறுந்த ஒயர் ஆன்டெனா மாதிரி காற்றில் ஆடும், சில நேரம் பக்கத்துப் பின்னின் எண்ணையே திருப்பிச் சொல்லும். உன் இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றன என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதில் ஒன்று அறுந்திருக்கிறதா என்று முதலில் பார். ஒன்றைப் பையிலிருந்து உருவித் துடைத்துக் காற்றில் பிடி, மற்றதைத் தொடாதே. இரண்டு எண்ணும் சேர்ந்து மாறினால் சந்தேகமே வேண்டாம். கருப்புப் பலகை மாதிரி இருக்கிற கெப்பாசிட்டிவ் வகை என்றால், அதன் ஓரங்களில் பச்சையாகத் தெரிகிற வெட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். உன் பையில் வெறும் தண்ணீர்கூட இல்லை, ஏ, பி என்று இரண்டு பாகமாகக் கலக்கும் உரக் கரைசல், உப்பு. நகச்சாயம் இரண்டு பூச்சு, ஓரங்களிலும் மேலே உள்ள சிப்கள் மேலும் பூசிவிடு. வெள்ளி நிறத்தில் இரண்டு கால் கொண்ட பழைய வகை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். எப்போதும் கரண்டு ஓடினால் உப்புத் தண்ணீரில் அந்தக் காலின் பூச்சு சில வாரத்தில் கரைந்துவிடும்.

பெட்டியைப் பற்றி. ஒயர் நுழையும் துளை பெட்டிக்கு அடியில் இருக்கட்டும், பக்கத்திலோ மேலேயோ வேண்டாம். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஒரு துளியும் காற்றுப் போகாமல் அடைத்துவிட நினைக்காதே. பகல் சூட்டில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வரும், திரும்பிப் போக வழி இருக்காது. அடியில் சின்ன ஓட்டை போட்டு மெல்லிய கம்பிவலை ஒட்டு. வலை எறும்புக்காக. வெதுவெதுப்பான பெட்டி என்றால் நம் ஊர் எறும்புக்கு உயிர். நான் திறந்த பெட்டிகளில் ரிலேக்கு அடியில் முட்டையோடு குடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், பின்களுக்கு நடுவில் ஈர மண்ணைக் கொண்டுவந்து நிரப்பியிருந்தது. பச்சை பூத்த இணைப்புக் கால் ஏதும் கண்ணில் பட்டால் பழைய பல் துலக்கியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னல் நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்துச் செம்பனைக் காட்டில் விழுந்தாலும் நீண்ட ஒயரில் வோல்ட் ஏறும். அப்படிச் சாகிற சென்சார் உண்மையிலேயே சாகும், கரண்டை நிறுத்தி மாட்டினாலும் எழாது. இதை உறுதி செய்ய ஒரே சோதனைதான். சென்சாரை வீட்டு மேசைக்குக் கொண்டுவா, ஒரு சாண் ஒயர், யுஎஸ்பி கரண்டு, வேறு எதுவும் மாட்டாதே. ஐ2சி ஒயரில் யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று தேடும் ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டு. பிஎச்1750 ஹெக்ஸ் 23 அல்லது 5சி என்ற முகவரியில் பதில் சொல்லும், உன் திரை பெரும்பாலும் 27 அல்லது 3எஃப். மேசையில் பேசினால் அது உயிரோடு இருக்கிறது. அந்த மூன்றையும் இன்றைக்கே இப்படிப் பார்த்துவிடு.

புரோகிராமைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். ஊனோவில் மொத்த ரேம் 2 கிலோபைட். திரைக்கு எழுத ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வகையைக் கூட்டிக் கூட்டிச் செய்திருக்கிறாய்; அது நினைவகத்தைத் துண்டு துண்டாக்கி இரண்டு மூன்று நாளில் புரோகிராமை நிறுத்தக்கூடும். ரீசெட்டால் சரியாகிற உன் இரண்டாவது கோளாறு இதுவாக இருக்கலாம். நேரே பிரிண்ட் செய், சேர்த்து வைக்காதே. போர்டு ஓடிய மில்லி நொடியைச் சொல்லும் மில்லிஸ் எண்ணை இன்ட் என்ற சின்ன எண் வகையில் வைத்திருந்தால் 32 நொடியில் வழியும், அன்சைன்ட் லாங் என்ற பெரிய வகையில் வை.

புரோகிராம் உறைந்தால் போர்டைத் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் போடச் சொல்லி யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருந்தாய். போடு, 8 நொடிதான் அதன் உச்சம், போதும். ஆனால் அது அழுத்துவதும் அதே ரீசெட்தான். சென்சாரின் முடிச்சை அது அவிழ்க்காது. ஒன்பது தட்டு வேலை தொடக்கத்தில் இருந்தால்தான் வாட்ச்டாக்குக்குப் பயன் உண்டு.

எனக்கு உண்மையில் கவலை தருவது பம்பு. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் உறைந்தால் என்ன ஆகும்? ரிலே அப்படியே மூடியிருக்கும், தொட்டி வற்றும்வரை ஓடி, பிறகு வறண்டு ஓடி மோட்டார் எரியும். உன் நிபந்தனையையும் பார்த்தேன். ஈரப்பதம் இத்தனைக்கு மேல் போனால் பம்பை நிறுத்து என்று இருக்கிறது. என்ஏஎன்னை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும், பெரியதா என்றாலும் சிறியதா என்றாலும், விடை இல்லை என்றுதான் வரும். ஆக சென்சார் நின்றால் பம்பை நிறுத்தும் வரி ஓடவே ஓடாது. முதலில் என்ஏஎன்னா என்று பார்த்து, ஆமென்றால் பம்பை நிறுத்து. எந்தச் சென்சார் என்ன சொன்னாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் பம்பு ஓடக் கூடாது என்று ஓர் எல்லை வை. புரோகிராம் தொடங்கும்போது முதல் வரியே ரிலேயை அணைப்பதாக இருக்கட்டும். பல ரிலே மாட்யூல்கள் பின் கீழே போனால்தான் இழுக்கும் வகை, உன்னுடையது எது என்று பார்த்துக்கொள். இதை மட்டும் இன்று இரவே செய்துவிடு, மற்றதெல்லாம் சனிக்கிழமை பார்க்கலாம்.

டயோடைப் போட்டபின் அடுத்த முறை எப்போது நிற்கிறது என்று பார்ப்போம். நின்றால் தொடாமல் நான்கு விஷயத்தை எழுதி அனுப்பு: விளக்கு துடிக்கிறதா, சென்சார் காலடியில் விசிசி எத்தனை, எஸ்டிஏ எத்தனை, எஸ்சிஎல் எத்தனை. மீட்டர் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு வீட்டுக்கு வா, என்னுடையதை எடுத்துக்கொண்டு போகலாம்.